ஈயப் பொட்டு வைத்த கண்ணி

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். புளியமரத்தை உலுக்கினால் விழ ஒரு காய் இல்லாத வருஷம். மாந்தோப்புக்காரர்கள் லாரித் தண்ணீர் ஊற்றி மரத்தைக் காப்பாற்றிய வருஷம். எங்கள் தெருவில் மூன்றாவது தடவையாகப் போர் போட்டு, மூன்றாவது தடவையும் புகை மட்டும் வந்த வருஷம். அந்த வருஷம் மாசி அமாவாசைக்கு மறுநாள் காலையில், தகர வேலை தஸ்தகீர் பாய் காலமானார்.

செய்தி வந்தபோது நான் புழக்கடையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, செயினைப் பழைய வேட்டித் துணியால் பிடித்திருந்தேன். அமாவாசை அன்று கழுவி எண்ணெய் விட்ட செயினை மறுநாள் காலையில் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். உள்ளே இறங்காத எண்ணெய் வெளியே கசிந்து நிற்கும். அதை அப்படியே விட்டால் ரோட்டு மண் முழுவதும் செயினில் ஏறிக்கொள்ளும். இது பாய் சொன்னது. “தொடைக்காத எண்ணெ மண்ணத்தான் சேக்கும்” என்பார்.

தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் மசூதி மைக் கரகரத்தது. அந்தக் கரகரப்பு கேட்டாலே ஊர் தலையைத் தூக்கும். பெயரைச் சொன்னார்கள். என் கை நின்றுவிட்டது. பெடல் மட்டும் தானாக இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, டிக், டிக் என்று அடங்கியது.

அவர் கையால் ஈயம் பார்க்காத பால் கேன் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் கிடையாது. அதனால்தான் நாற்பதாம் நாள் பால் சொசைட்டிக் கட்டடத்தில் எல்லோரும் கூடி அவரை நினைப்பது என்று முடிவு செய்தார்கள். அவரோடு அதிக நாள் பழகியவன் நான். ஆகையால் நான் பேச வேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை சொசைட்டி எழுத்தர் கலைவாணி எழுதுகிறார். நடுவில் அவருக்குக் கை ஓடாத இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நாங்கள் நான்கு பேர். பாய், மாது, முனிரத்தினம், நான். நாங்கள் மூன்று பேரும் வீடு வீடாகப் பால் எடுத்து, கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பால் வண்டிக்குக் கொண்டு போகிறவர்கள். பாய் வீட்டிலேயே தகரம் அடிப்பார். செய்த புனல், படி, விளக்கையெல்லாம் செவ்வாய்க்கிழமை தோறும் சைக்கிளில் கட்டி அரூர்ச் சந்தைக்குப் போவார்.

அமாவாசை அன்று எங்கள் பக்கம் மாட்டுக்கு நுகம் பூட்டமாட்டார்கள். சைக்கிளுக்கும் அன்று அரை நாள் ஓய்வு என்று வைத்தவர் பாய். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில், மத்தியானம், நான்கு பேரும் அவர் வீட்டுக் கொல்லையில் உட்காருவோம். ரேஷன் மண்ணெண்ணெய் ஆளுக்கு ஒரு தட்டு ஊற்றும் அளவுக்கு வராது. அவர் அடித்த பெரிய தகரத் தட்டு ஒன்றுதான். நான்கு செயினும் அதில்தான் ஊறும். செயின் முனைகளைப் பூட்டும் லாக்குகள் நான்கும் ஒரே கொட்டாங்குச்சியில் கிடக்கும். ஊறிய செயினைத் தேங்காய் நாரால் தேய்ப்போம். பின் சக்கரத்து ஃப்ரீவீல் பல்லுக்குள் கம்பியை வளைத்துவிட்டுக் கறுப்புக் களிம்பை வழித்தெடுப்போம். துணியை நாடாவாகக் கிழித்து, பல்லுக்குப் பின்னால் கொடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்போம். பிறகு வெயிலில் ஆணியில் மாட்டிக் காயவைத்து, கோழி இறகால் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

முனிரத்தினம் வீட்டில் கன்னடம் பேசுகிறவன், வெளியே வாயை மூடமாட்டான். ஒரு நாள் சொன்னான், “பாய், எங்க ஆத்தாகூட எனக்கு இவ்ளோ எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டல.”

“அதான் நீ நடக்கறப்போ கீச்சு கீச்சுன்னு சத்தம் வருது” என்றார் பாய், நிமிராமலே.

மாது சிரித்துச் சிரித்து மண்ணெண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அரை மணி நேரம் கண்ணெரிச்சலில் கிடந்தான். எங்களில் இளையவன் அவன்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நார் போட்டுத் தேய்ப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பிறகு பாய் செய்வதை எங்களால் செய்ய முடியாது. ஒவ்வொரு செயினாகத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கண்ணி கண்ணியாக நகர்த்துவார். நூற்றுப் பன்னிரண்டு கண்ணி. உதடு மட்டும் எண்ணும். “செயின் மொதல்ல சொல்லும், அப்புறந்தான் செய்யும்” என்பார். “சொல்றப்போ கேட்டுக்கணும்.”

ஏரி உடைந்து மூன்று ஊர் நெல் போன வருஷத்துக்கு அடுத்த வருஷம். அன்று சனிக்கிழமை, அமாவாசை. மாதுவும் முனிரத்தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரீவீலுக்கு நாடாத் துணி இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் செயினை நகர்த்திக்கொண்டிருந்த பாயின் விரல் ஓரிடத்தில் நின்றது.

“சின்னசாமி, இங்க வா. கை வை.”

வைத்தேன். நகத்தில் முடிபோல ஏதோ இடறியது.

“தகடு வெடிச்சிருக்கு. செவ்வாக்கெழம அரூரு போறேன், புதுசு கொண்டாறேன். அதுவரைக்கும் மேட்டு ரோட்டுல எந்திரிச்சி நின்னு மிதிக்காத. எறங்கித் தள்ளு.”

“தள்ளிக்கிட்டுப் போனா பால் வண்டி நிக்காதுங்களே பாய்.”

“வண்டி நாளைக்கும் வரும்” என்றார். நீ வருவாயா என்று கேட்கவில்லை. கேட்டது போலத்தான் இருந்தது.

அடையாளத்துக்காக அந்தக் கண்ணியில் திராவகம் தடவி, சூட்டுக்கோலால் ஒரு ஈயப் பொட்டு வைத்தார். மிளகு அளவு. திராவகம் போகட்டும் என்று செயினைத் திரும்பவும் தட்டிலேயே போட்டார். “தொழுதுட்டு வரேன். நான் வந்து எடுத்துக் குடுக்கறேன், யாரும் கைய விடாதீங்க” என்று சொல்லிவிட்டு மசூதிக்குப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வெளியே சந்திலிருந்து மாதுவின் மனைவி ராஜம்மாவின் குரல் கேட்டது. “இந்தாங்க, மாடு கன்னு போடுது! வரீங்களா, இல்ல அந்தச் செயினையே கட்டிக்கிட்டு குடும்பம் பண்றீங்களா?”

முனிரத்தினம் சுவருக்குப் பின்னாலிருந்து கெக்கலித்தான். மாது ஓடி வந்து, “அண்ணா, என்னுத எடுத்துக் குடுங்க, மாட்டிக்கிட்டு ஓடறேன்” என்றான்.

பாயுடையதும் முனிரத்தினத்துடையதும் ஆணியில் காய்ந்துகொண்டிருந்தன. கறுத்துக் கிடந்த மண்ணெண்ணெய்த் தட்டில் இருந்தவை என் செயினும் மாதுவுடையதும்தான். உள்ளே எதுவும் தெரியாது. நான் கையை விட்டேன். முதலில் கைக்கு வந்த செயினில் அந்தப் பொட்டு என் விரலில் பட்டது.

கலைவாணி, எழுதும்மா. இதுதான் நான் சொன்ன இடம்.

பட்டது. மிளகு அளவு, வழவழப்பு. அந்த மாதத்தில் இரண்டு தடவை பால் வண்டியைத் தவறவிட்டிருந்தேன். இன்னொரு தடவை தவறினால் உன் கேனை ஏற்றமாட்டேன் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். மாது போகிறது மேட்டைச் சுற்றி வரும் ஏரிக்கரைப் பாதை, ஏற்றம் கிடையாது. பாரமும் ஒற்றைக் கேன்தான். மூன்று நாள் தாங்கும், செவ்வாய்க்கிழமை புதுசு வந்ததும் மாற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. இவ்வளவும் விரலில் பொட்டுப் பட்ட அந்த ஒரு நொடியில் வந்தது. பொட்டு வைத்ததை எடுத்து மாது கையில் கொடுத்தேன். அவன் மாட்டிக்கொண்டு ஓடினான். பொட்டு இல்லாததை நான் என் சைக்கிளில் மாட்டினேன்.

பாய் தொழுதுவிட்டு வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன் பாய்.”

“பொட்டு இருக்கறது பாத்தியா?”

“பாத்தேன் பாய்.”

இரண்டும் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பால் வண்டி அருகில் மாது என்னிடம் வந்தான். கன்று போட்ட மாட்டின் சீம்பால் கொஞ்சம் தூக்குவாளியில் எனக்கென்று கொண்டுவந்திருந்தான். “அண்ணா, கழுவுன செயினு எங்கயாச்சும் பேசுமா? சுத்துக்கு ஒரு வாட்டி டிக்குங்குது.”

“எண்ணெ எறங்கியிருக்காது. ஒரு சொட்டு விடு.”

“விட்டேண்ணா. அப்பவும் டிக்குங்குது. பாய்கிட்ட ஒருவாட்டி காட்டட்டுமா?”

“செவ்வாக்கெழம அவரு சந்தைக்குப் போய்ட்டு வரட்டும். அப்புறம் காட்டிக்கலாம்.”

சரி என்றான். நான் எதைச் சொன்னாலும் சரி என்கிறவன். செயின் சொல்லிவிட்டது. அவன் கேட்டான், எனக்கும் கேட்டது.

அன்று பொழுது போனதும் மழை பிடித்தது. திங்கட்கிழமை காலை ஏரிக்கரை முழுவதும் களிமண், சைக்கிள் உருளாது. மாது மேட்டு ரோட்டுக்கு வந்துவிட்டான். நான் முன்னால், அவன் பின்னால். என் சைக்கிளில் இரண்டு கேன், இருந்தும் அது எண்ணெயில் வழுக்குவது போல ஏறியது. அவனுடைய செயின் ஆயிற்றே.

“அண்ணா! இன்னைக்கி என்னா உங்க வண்டி இந்தப் பறப்பு பறக்குது! ஒத்தக் கேனு வெச்சிக்கிட்டு உங்களப் புடிக்க முடியலியே!”

எனக்குப் பின்னால் டிக். கொஞ்ச தூரம். டிக். இறங்கித் தள்ளுடா என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பான். எதிரே மேட்டிலிருந்து கல் பாரத்தோடு ஒரு டிராக்டர் இறங்கி வந்துகொண்டிருந்தது. மாது என்னைப் பிடிக்கிற ஆசையில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. டிக், டிக், டிக் என்று நெருங்கியது.

பிறகு டிக் வரவில்லை. கேன் உருளும் சத்தம் வந்தது.

நான் அதற்கு மேல் சொல்லமாட்டேன். நின்று மிதிக்கிறவன் காலுக்கடியில் செயின் அறுந்தால் உடம்பு எந்தப் பக்கம் விழும் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். டிராக்டர்காரர் மேல் தப்பு இல்லை.

பாய் ஓடி வந்தார். எல்லோரும் மாதுவிடம் போனார்கள். அவர் மாதுவின் கண்ணை மூடிவிட்டு, ரோட்டில் கிடந்த செயினை எடுத்து, அந்த இடத்திலேயே, விரலுக்கு நடுவில் நகர்த்தினார். கடைசிக்கு வந்தபோது எதையோ தனியாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பால் தெளித்த மறுநாள் மாதுவின் அண்ணன்மார் இரண்டு பேரும் பங்காளிகளும் பாய் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். நான்காவது வரிசை.

“உன் வூட்ல கழுவுன செயினு மூணாம் நாளே அறுந்துச்சே, எப்படி?”

பாய் வாசற்படியில் நின்றார். “அது மாது செயினு இல்லீங்க. வெடிச்ச செயினு. என் தட்டுல கலந்துடுச்சி. நான்தான் மாத்தி எடுத்து வெச்சேன்.”

“வெடிச்சது யாருது?”

அவர் கூட்டத்தின் மேல் கண்ணை ஓட்டவில்லை. தரையைத்தான் பார்த்தார். “தட்டு என்னுதுங்க. அதுல கெடந்ததெல்லாம் என்னுது.”

இன்னொரு தடவை கேட்டார்கள். அதே வார்த்தையைச் சொன்னார். பிறகு உள்ளே புகுந்தார்கள். விளக்கும் புனலும் காலடியில் நசுங்கின. மண்ணெண்ணெய்த் தட்டை யாரோ உதைத்ததில் கொல்லை முழுவதும் ஓடியது. ஒருத்தன் கையில் தீப்பெட்டி இருந்தது. உள்ளே பாயின் மனைவி கைக்குழந்தையோடு இருந்தார். முனிரத்தினம் பாய்ந்து அந்தத் தீப்பெட்டியைப் பிடுங்கி வாயில் போட்டுக் கடித்துத் துப்பினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ராஜம்மா வந்தார். கூட்டம் விலகியது. “எம் புருசன் குடிச்ச தண்ணி உன் தொண்டையில எறங்கக் கூடாது. எங்க தெருவுல ஒரு சொட்டு நீ குடிக்கக் கூடாது” என்றார். அழவில்லை.

பாய் அதை ஏற்றுக்கொண்டார். அந்த நாளிலிருந்து சாகும்வரை எங்கள் தெருவில் அவர் தண்ணீர் குடித்ததில்லை. கேன் பற்றவைக்கக் கூப்பிட்டால் வருவார். சித்திரை வெயிலில் உலை மூட்டி உட்காருவார். உதடு வெடித்து ரத்தம் வரும். மோர் கொடுத்தால், “வேணாம்மா” என்பார். ஏன் என்று கேட்ட புதிய மருமகள்களுக்கு யாராவது தணிந்த குரலில் கதை சொல்வார்கள். செயினை மாற்றி வைத்து ஒருத்தனைக் கொன்றவர் என்று.

மாது போனதற்கு அடுத்த அமாவாசை மத்தியானம் பாய் புதுச் செயினும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ராஜம்மா வீட்டுச் சந்து முனையில் போய் நின்றார். மாதுவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் இனி ராஜம்மா பால் எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ராஜம்மா பார்த்தார். சைக்கிளை இழுத்துவந்து படலுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாய் மண்ணில் உட்கார்ந்து, புதுசு மாட்டி, எண்ணெய் விட்டார். மறுநாள் காலையில் வந்து துடைத்தார். அவர் போன பிறகு சைக்கிள் உள்ளே போனது. அதுதான் பழக்கமாயிற்று. அமாவாசை மத்தியானம் சைக்கிள் வெளியே வரும். மறுநாள் வெயில் ஏறும்போது உள்ளே போகும். இருவரும் முகம் பார்த்ததில்லை. ராஜம்மா பால் எடுப்பதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. யாரும் ஏறாத அந்த சைக்கிளின் செயின்தான் இந்த ஊரிலேயே சுத்தமான செயின்.

பாய் புதிதாக ஒரு தட்டு அடித்தார். நான்கு தடுப்பு வைத்தது. முனிரத்தினம் அதற்குப் பிறகு அந்தக் கொல்லைக்கு வரவே இல்லை. எதிரே உட்காருவது நான் மட்டும். ஏன் போனேன் என்று கேட்பீர்கள். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும், அதற்குப் பயந்து போனேன். பாய் என் செயினை இரண்டாவது தடுப்பில் போடுவார். எடுத்து எண்ணுவார். முன்பு உதட்டுக்குள் எண்ணியவர், இப்போது வாய்விட்டு எண்ணினார்.

ஏரி இரண்டாவது தடவை நிரம்பிக் கோடி போன வருஷம் ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. “பாய், அன்னைக்கித் தட்டுல...” என்று ஆரம்பித்தேன்.

“சின்னசாமி, எண்றப்போ பேசாத. கண்ணி தவறிப் போவுது.” தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போனார். “நூத்திப் பன்னெண்டு. சரியா இருக்கு” என்று என் கையில் கொடுத்தார். அவர் என்னைக் காப்பாற்றினாரா, கட்டிப்போட்டாரா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

முனிரத்தினத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாய் மசூதியில் இருந்தார், தட்டருகில் இருந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவன் அறிவான். ஊரே மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு நடந்த அந்த வருஷம் அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஊர்ப் பேச்சு எதுவும் பேசவில்லை. வீட்டுக்குள் மட்டும் பேசுகிற கன்னடத்தில், “யாக்கோ, சின்னசாமி?” என்றான். ஏன்டா என்று அர்த்தம். எனக்குப் புரியாதது போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் போய்விட்டான்.

பாயை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவர் மகள் பர்வீன் என் வீட்டுக்கு வந்தாள். அன்று தீப்பெட்டிக்குத் தப்பிய கைக்குழந்தை. அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. சுண்ணாம்பு டப்பா அளவுக்கு ஒரு தகர டப்பா கொண்டுவந்தாள். மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்திருந்தது.

“மாமா, போன வருசமே இதப் பத்த வெச்சி எடுத்து வெச்சிட்டாரு. ‘நான் போன அப்புறம் சின்னசாமிகிட்ட குடு, அவன் தொறக்கறப்போ தொறக்கட்டும்’னாரு அப்பா. உள்ள என்ன மாமா?”

வாங்கினேன். காதருகே வைத்து ஒரு தடவை குலுக்கினேன். டிக்.

“பழைய நட்டு ஏதாச்சும் இருக்கும்மா” என்றேன். அவளிடமும் பொய்.

திறக்காமலே எனக்குத் தெரியும். ரோட்டில் கழற்றிச் சட்டைப் பையில் போட்ட கண்ணி. பொட்டு வைத்தவர் அவர். அது யாருடைய செயின் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் விரலில் பட்டிருக்கும் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வாசற்படியில் நின்று என்னுது என்றார்.

இந்தப் பங்குனி அமாவாசை மத்தியானம், டப்பாவை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனேன். படலுக்கு வெளியே சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

செயினைப் பார்த்தேன். மாசி அமாவாசை அன்று பாய் கழுவி எண்ணெய் விட்டுப் போனது. மறுநாள் துடைக்க அவர் இல்லை. ஒரு மாதத்துப் புழுதி அப்பி, கரிக்கயிறு போலக் கிடந்தது. மடியிலிருந்து துணியை எடுத்துக் குனிந்தேன்.

“மாமா, அதத் தொடாதீங்க.”

ராஜம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

“மண்ணு ஏறிக் கெடக்குதும்மா.”

“கெடக்கட்டும். அந்தாளு அரகொறையா உட்டுட்டுப் போன வேல. நாலு பேரு பாக்கட்டும்.”

“பாய் போயி ஒரு மாசம் ஆவுது ராஜம்மா.”

“தெரியும். மைக்குல சொன்னாங்களே. அன்னைக்கிக் காலையில வண்டி வெளியவே நின்னுச்சி. நான் கதவு சந்துல பாத்துக்கிட்டே இருந்தேன், வரல.” கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தார். “என்னா தைரியம் பாருங்க.”

“அப்புறம் இன்னைக்கி ஏம்மா வெளிய வெச்ச?”

“அமாவாச ஆச்சே. கை தானா இழுத்துக்கிட்டு வந்துடுச்சி. இத்தன வருசமா இந்த நேரத்துக்குக் கதவுக்குப் பின்னால நின்னு சபிச்சவ நான். இப்ப இந்த நேரத்துல என்னா பண்றதுன்னு தெரியலீங்க மாமா.”

மடியில் டப்பா கனத்தது. வாயைத் திறந்தேன். துணியைத் திரும்ப மடித்து மடியில் செருகினேன்.

“வெயில்ல வந்திருக்கீங்க” என்று உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார். இந்தத் தெருவில் பாய்க்கு இல்லாத மோர். நான் வாங்கிக் குடித்தேன். முழுச் சொம்பையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, வாயால் என்னால் சொல்ல முடியாது என்று. வாய் பாதியில் நின்றுவிடும். எழுத்து நிற்காது என்கிறார்கள். அதற்காகத்தான் கலைவாணியிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, “ஐயா, இதச் சபையில படிச்சா உங்கள...” என்றார்.

“சபையில அப்புறம்மா. மொதல்ல ராஜம்மா வாசல்ல படி.”

நாளைக் காலையில் கலைவாணி இந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னோடு வருவார். நின்று வாசிப்பார். நான் டப்பாவும், பர்வீனிடம் இரவல் வாங்கிய பாயின் தகரக் கத்தரியுமாகப் பக்கத்தில் நிற்பேன். வாசித்து முடிந்ததும் மூடியை அங்கேயே வெட்டுவேன். கண்ணி ராஜம்மாவுக்குச் சேர வேண்டியது. அதை வைத்து அவர் என்ன செய்தாலும், மாதுவின் ஆட்களைக் கூப்பிட்டாலும், சரிதான். அவர் விட்டால் அந்த செயினைத் துடைத்துவிட்டு வருவேன். பாய் மிச்சம் வைத்துப் போன வேலை அது ஒன்றுதான்.

பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறொன்றும் இல்லை, அவர் எண்ணிக்கை மட்டும். படுத்தாலும் விரல் தானாக நகர்கிறது. நூற்றுப் பன்னிரண்டு வரை போவதில்லை. பொட்டு வைத்த இடத்தில் நின்றுவிடுகிறது.

சபையில் இருக்கிறவர்களே, இதை நீங்கள் கேட்கிறீர்கள் என்றால், ராஜம்மா முதலிலேயே கேட்டுவிட்டார் என்று அர்த்தம். தஸ்தகீர் பாய் யாரையும் கொல்லவில்லை. தட்டு மட்டும்தான் அவருடையது. நான் உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்து, மற்றதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தட்டைச் சுற்றி இருந்தவர்களில் மாது இல்லை. முனிரத்தினம் இல்லை. பாய் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவன் நான், என்னை எண்ண வேண்டாம். சுவருக்கு வெளியே சந்தில் நின்று கூப்பிட்ட ஒருத்தர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

ராஜம்மா.